ஐஎஸ்ஓ கோப்பிலிருந்து சர்வர் நிறுவல்: எங்கே நின்றது என்று பார்த்துப் பிழை நீக்குவது எப்படி?

சர்வர் நிறுவல் பாதியில் நின்றுவிட்டது என்று யாராவது கூப்பிட்டால் நான் கேட்கும் முதல் கேள்வி, திரையில் கடைசியாக என்ன தெரிந்தது என்பதுதான். பாதிப் பேருக்கு அது நினைவில் இருக்காது. "ஏதோ எரர் வந்தது, ரீஸ்டார்ட் பண்ணிட்டேன்" என்பார்கள். அந்த ஒரு வரிதான் நமக்குத் தேவையாக இருந்தது. அதனால் இனிமேல் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: திரை உறைந்து நின்றால் பவர் பொத்தானைத் தொடும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். மேலிருந்து கீழ்வரை முழுத்திரையும் தெரியவேண்டும்.

ஐஎஸ்ஓ கோப்பு, அதாவது இயங்குதளத்தை நிறுவத் தேவையான எல்லாம் அடங்கிய ஒற்றைக் கோப்பு, போகும் பாதை ஒரே வரிசைதான். முதலில் தரவிறங்குகிறது, பென் டிரைவில் எழுதப்படுகிறது. மதர்போர்டில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் என்ற தொடக்க மென்பொருள் அந்த பென் டிரைவைக் கண்டுகொள்கிறது. இயங்குதளத்தை எழுப்பும் பூட்லோடர் வருகிறது, இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஏறுகிறது, நிறுவல் மென்பொருளான நிறுவி திறக்கிறது, டிஸ்க்கைத் தேடுகிறது, எழுதுகிறது, மறுதொடக்கம் செய்கிறது. எந்தப் படியில் நின்றது என்று தெரிந்தால் அதற்கு முந்தைய படிகளைப் பெரும்பாலும் மறந்துவிடலாம். 'பெரும்பாலும்' என்று சொல்வதற்குக் காரணம் பென் டிரைவ். அது கடைசிவரை நம்மை ஏமாற்றக்கூடியது; அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

இங்கே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வது லினக்ஸ் வகையான உபுண்டு சர்வர் 24.04 எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு). 2024 ஏப்ரலில் வந்தது, 5 ஆண்டு வழக்கமான ஆதரவு உள்ளது, நம் ஊர் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் அதிகம் போடப்படுகிறது. ரெட் ஹேட் குடும்பமும் (ரெட் ஹேட், ராக்கி, ஆல்மா லினக்ஸ்) விண்டோஸ் சர்வரும் வேறுபடும் இடங்களில் அவற்றையும் சொல்கிறேன்.

எதையும் தொடும் முன்: கோப்பு முழுசாக வந்ததா?

செல்போன் ஹாட்ஸ்பாட்டில் 3 ஜிபி இறக்கும்போது இடையில் ஒருமுறை அறுந்து மறுபடி தொடர்ந்திருந்தால், கோப்பு பார்க்க முழுசாக இருக்கும், உள்ளே ஓட்டை இருக்கும். நிறுவல் 60 சதவீதம் போன பிறகுதான் அந்த ஓட்டை தெரியவரும். இதைத் தவிர்க்க இரண்டு நிமிடம் போதும். விண்டோஸ் என்றால் பவர்ஷெல்லைத் திறந்து கெட்-ஃபைல்ஹேஷ் கட்டளையைக் கோப்பின் பெயரோடு கொடுங்கள். லினக்ஸ் என்றால் எஸ்எச்ஏ256சம். ஹேஷ் எனப்படும், 64 எழுத்து கொண்ட ஒரு நீண்ட சரம் வரும்; கோப்பின் கைரேகை மாதிரி. தரவிறக்கப் பக்கத்திலேயே எஸ்எச்ஏ256சம்ஸ் என்ற பட்டியல் கோப்பு இருக்கும், அதில் உங்கள் ஐஎஸ்ஓ பெயருக்கு நேராக உள்ள சரத்தோடு ஒப்பிடுங்கள். தற்செயலாகக் கெட்டுப்போனதா என்று பார்க்க முதல் ஆறு, கடைசி ஆறு எழுத்துகள் பொருந்தினாலே போதும். கோப்பை வேறு யாரிடமிருந்தாவது வாங்கியிருந்தால் முழுச் சரத்தையும் ஒப்பிடுங்கள்.

கோப்பின் பெயரில் 'ஏஎம்டி64' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "என்னுடையது இன்டெல் ஆச்சே" என்று தேடி அலைபவர்கள் நிறைய. இன்டெல்லுக்கும் அதுதான். இந்த வகைச் செயலிகளின் 64 பிட் வடிவத்தை முதலில் கொண்டுவந்தது ஏஎம்டி என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆர்ம்64 என்பது வேறு வகைச் செயலி. ஆப்பிளின் எம் வரிசை மேக்கில் விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) போடுகிறவர்களுக்கு அது வேண்டும்.

பென் டிரைவைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை

'ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்' என்றோ, 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்றோ வந்தால் பென் டிரைவை வேறு கம்ப்யூட்டரில் செருகித் திறந்து பாருங்கள். உள்ளே ஒரே ஒரு கோப்பு, அதுவும் அந்த ஐஎஸ்ஓவே இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. கோப்பை இழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு வட்டின் அச்சுப்படி. அதைக் கோப்பாக நகலெடுத்தால் ஃபர்ம்வேருக்கு அது வெறும் ஒரு பொருள்தான், பூட் ஆகாது. சரியாக எழுதப்பட்ட உபுண்டு சர்வர் பென் டிரைவில் பூட், கேஸ்பர், இஎஃப்ஐ, பூல் போன்ற ஃபோல்டர்கள் தெரியும்.

எழுதுவதற்கு ரூஃபஸ், பலேனா எட்ச்சர் என்ற மென்பொருள்களில் எதுவானாலும் போதும். ரூஃபஸ் எழுதத் தொடங்கும்போது ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா என்று கேட்கும். அதன் பரிந்துரை ஐஎஸ்ஓ முறை. ஒருமுறை அதில் எழுதிப் பூட் ஆகவில்லை என்றால் அடுத்தமுறை டிடி முறையில் எழுதுங்கள். அது வட்டின் அச்சை அப்படியே பிட்டுக்குப் பிட் பதிப்பது. லினக்ஸ் ஐஎஸ்ஓக்களுக்கு நான் நேரடியாக டிடிக்கே போய்விடுவேன். டிடியில் எழுதிய பென் டிரைவை விண்டோஸில் செருகினால் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கலாம், 32 ஜிபி டிரைவ் சில எம்பி அளவுதான் என்று காட்டலாம். பயப்படவேண்டாம், கேன்சல் கொடுத்துவிட்டு எடுத்துவிடுங்கள். வேலை முடிந்தபின் விண்டோஸின் டிஸ்க்பார்ட் கட்டளையில் அந்த டிரைவைத் தேர்ந்து கிளீன் கொடுத்தால் பழைய அளவு திரும்பிவிடும். டிரைவ் எண்ணை மட்டும் இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். தவறான எண்ணுக்குக் கிளீன் கொடுத்தால் அது உங்கள் சொந்த ஹார்ட் டிஸ்க்காக இருக்கலாம்.

பென் டிரைவ் சரியாக இருந்தும் பூட் மெனு வரவில்லையா? விசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெல் பவர்எட்ஜ் சர்வர்களிலும், எச்பி புரோலியன்ட்டிலும், சூப்பர்மைக்ரோ போர்டுகளிலும் எஃப்11. டெல், லெனோவோ மேசைக் கணினிகளில் எஃப்12. மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், முன்னால் 'யுஇஎஃப்ஐ' (புதிய வகை ஃபர்ம்வேர் முறை) என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஒரு தேர்வு கடைசியில் முதல் பூட் வரைக்கும் பின்தொடரும். எந்த முறையில் நிறுவியை எழுப்புகிறீர்களோ அந்த முறையில்தான் அது பூட்லோடரையும் எழுதும்.

'செக்யூரிட்டி வயலேஷன்' அல்லது 'எஸ்பிஏடி செல்ஃப்-செக் ஃபெயில்டு'

இது செக்யூர் பூட், அதாவது கையொப்பம் சரியாக உள்ள பூட்லோடரை மட்டும் ஏறவிடும் பாதுகாப்பு, மறுப்பது. உபுண்டு, ரெட் ஹேட், டெபியன் மூன்றின் பூட்லோடருக்கும் மைக்ரோசாஃப்ட் கையொப்பம் உண்டு, ஆகவே செக்யூர் பூட்டை அணைக்காமலேயே அவை ஏறவேண்டும். ஏறவில்லை என்றால் உங்கள் ஐஎஸ்ஓ பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். 2024 ஆகஸ்ட்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், ஷிம் எனப்படும் லினக்ஸின் முதல்கட்ட பூட்லோடர்களில் பழையவற்றைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியல் மதர்போர்டிலேயே பதிந்துவிடும். விண்டோஸை அழித்தாலும் போகாது. முன்பு விண்டோஸ் ஓடிய இயந்திரத்தில் மூன்று வருடம் முந்தைய ஐஎஸ்ஓவைப் போடும்போது இது முகத்தில் அடிக்கும். புதிய பாயின்ட் வெளியீட்டை, அதாவது 24.04க்குப் பின்னால் .1, .2 என்று வருவதில் ஆகக் கடைசியை இறக்கிக்கொள்ளுங்கள். செக்யூர் பூட்டை அணைப்பது கடைசி வழியாக இருக்கட்டும்.

மெனு வந்தது, தேர்ந்தெடுத்தேன், திரை கறுத்துவிட்டது

முதலில் ஒரு நிமிடம் பொறுங்கள். பழைய பென் டிரைவ் என்றால் கெர்னலைப் படிக்கவே நேரம் பிடிக்கும். அப்புறம் மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள்; தனி கிராஃபிக்ஸ் அட்டை போட்ட இயந்திரத்தில் மதர்போர்டின் வாயில் செருகியிருந்தால் படம் வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கும். இரண்டும் இல்லை என்றால் கிரப் (லினக்ஸின் பூட்லோடர்) மெனுவில் அந்த வரியின் மேல் நின்று 'இ' எழுத்து விசையை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் முடிவில் ஒரு இடைவெளி விட்டு 'நோமோட்செட்' என்ற சொல்லைச் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். அந்த வரியில் மூன்று கோடுகள் இருந்தால் அவற்றுக்கு முன்னால் சேர்த்தால் நிறுவலுக்கு மட்டும் பொருந்தும், பின்னால் சேர்த்தால் நிறுவிய பிறகும் தொடரும்.

எழுத்துகள் ஓடி, பாதியில் நின்றுவிட்டது

இங்கேதான் நேரம் ஒதுக்கவேண்டும். இந்த இடத்தில் தெரியும் வரிகளுக்குள் நிஜமான காரணம் எழுதியே இருக்கும்.

'ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர்' என்று வரிவரியாக ஓடினால் பென் டிரைவிலிருந்து தரவு சரியாக வரவில்லை. உபுண்டு நிறுவியின் முழு உடலும் சுருக்கப்பட்ட சில ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்புகளுக்குள் இருக்கிறது. அதில் ஓர் இடம் கெட்டாலும் அந்த இடத்தைத் தொடும்போதுதான் தெரியும். நான் முன்னால் சொன்ன ஏமாற்று இதுதான்: மெனு வரும், மொழி கேட்கும், விசைப்பலகை கேட்கும், எல்லாம் நன்றாகப் போய் நடுவில் விழும். கோப்பின் ஹேஷ் சரியாக இருந்ததா? அப்படியானால் வேறு பென் டிரைவில் எழுதுங்கள், வேறு யுஎஸ்பி வாயில் செருகுங்கள், முகப்பில் உள்ள வாயைவிடப் பின்பக்கம் மதர்போர்டிலேயே உள்ள வாய் நல்லது. மூன்றாவது பென் டிரைவிலும் அதே பிழை, ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் என்றால் பென் டிரைவை விட்டுவிட்டு ராமைச் சந்தேகியுங்கள். மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற ராம் சோதனை மென்பொருளை ஓட்டி ஒரு முழுச் சுற்று முடியவிடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ராமில் சர்வர் ஓட்டக்கூடாது. இரண்டு குச்சி இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு நிறுவிப் பாருங்கள்.

ராக்கி, ஆல்மா, ரெட் ஹேட் என்றால் வேறொரு முகம் உண்டு. 'டிராகட்-இனிட்க்யூ டைம்அவுட்' என்ற வரி திரும்பத் திரும்ப ஓடி, கடைசியில் ஒரு அவசரக்கால ஷெல்லில் (கட்டளைத் திரை) கொண்டுபோய் விடும். இது பெரும்பாலும் பெயர்ப் பிரச்சினை. அந்த நிறுவி தன்னுடைய இரண்டாம் கட்டத்தை வட்டின் லேபிளை வைத்துத் தேடுகிறது. ஐஎஸ்ஓவின் லேபிள் நீளமானது. ஃபேட் வகை பென் டிரைவில் லேபிளுக்கு 11 எழுத்துதான் இடம். எழுதும் மென்பொருள் லேபிளைச் சுருக்கிவிட்டு, பூட் மெனுவில் பழைய நீளப் பெயரை அப்படியே விட்டுவிட்டால் நிறுவி இல்லாத பெயரைத் தேடிக் களைத்து விழும். டிடி முறையில் மறுபடி எழுதினால் லேபிள் உள்ளபடியே வந்து பிரச்சினை போய்விடும்.

அதே குடும்பத்தில் 9ஆம் பதிப்பை விர்ச்சுவல் மெஷினில் போடும்போது கெர்னல் பேனிக் வந்து, 'அட்டெம்ப்டட் டு கில் இனிட்' என்று நின்றால் சற்று மேலே பாருங்கள். 'சிபியு டஸ் நாட் சப்போர்ட் எக்ஸ்86-64-வி2' என்று ஒரு வரி இருக்கும். 9ஆம் பதிப்பிலிருந்து அந்தத் தலைமுறைக்கு முந்தைய செயலிகளை அது ஏற்பதில்லை. ரெட் ஹேட் 10க்கு அடுத்த தலைமுறையான வி3 வேண்டும். உங்கள் நிஜச் செயலி புதியதாகவே இருக்கும். விர்ச்சுவல் மெஷினுக்குக் காட்டப்படும் செயலி மட்டும் 'கேவிஎம்64' என்ற பழைய பொது வகையாக இருக்கும். பிராக்ஸ்மாக்ஸிலோ, கேவிஎம் (லினக்ஸின் விர்ச்சுவல் மெஷின் வசதி) ஓடும் வேறு இடத்திலோ செயலி வகையை 'ஹோஸ்ட்' என்று மாற்றி மறுபடி எழுப்புங்கள். இதே காரணத்துக்காக ஐஎஸ்ஓவை மூன்று முறை இறக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ராமின் அளவும் ஒரு காரணம். உபுண்டு சர்வர் 24.04 ஐஎஸ்ஓ வழி நிறுவலுக்குக் குறைந்தது 1.5 ஜிபி கேட்கிறது. சோதனைக்காக 1 ஜிபி கொடுத்த விர்ச்சுவல் மெஷினில் அது நடுவில் மூச்சுமுட்டும். 2 ஜிபி கொடுத்து நிறுவிவிட்டுப் பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

நிறுவி வந்துவிட்டது, டிஸ்க்கைக் காணவில்லை

எல்லாவற்றிலும் அதிகம் கைநடுங்க வைக்கும் கட்டம் இது. ஏனென்றால் இங்கிருந்து செய்யும் தவறுகள் தரவைத் தின்னும். இயந்திரத்தில் பழைய தரவுள்ள டிஸ்க் வேறு ஏதாவது இருந்தால் அதன் கேபிளைக் கழற்றிவிட்டு வாருங்கள். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் இதை நான் விடுவதில்லை.

உபுண்டு நிறுவியில் வலது மேல் மூலையில் உதவி மெனு இருக்கிறது, அதில் ஷெல்லுக்குப் போகும் வழி உண்டு. அங்கே டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையைக் கொடுங்கள். இந்த ஒரு கட்டளை பிரச்சினையை இரண்டாகப் பிளந்துவிடும். பட்டியலில் டிஸ்க் தெரிந்தால் கெர்னல் பார்த்துவிட்டது, நிறுவிக்குத்தான் தடுமாற்றம். தெரியாவிட்டால் பிரச்சினை அதற்கும் கீழே, கன்ட்ரோலரிலோ கேபிளிலோ.

தெரியவில்லை என்றால் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்க் கட்டளையின் வெளியீட்டில் 'ரீமேப்டு என்விஎம்இ' என்று தேடுங்கள். இன்டெல் செயலி உள்ள பல இயந்திரங்களில் சேமிப்பு முறை ஆர்எஸ்டி அல்லது ரெய்டு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் முறை) என்று தொழிற்சாலையிலிருந்தே வைத்து வரும். அப்போது என்விஎம்இ என்ற வேகமான வகை டிஸ்க் அந்தக் கன்ட்ரோலருக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். கெர்னல் அதைக் கண்டுபிடித்து, பயாஸை (ஃபர்ம்வேரின் அமைப்புத் திரை) ரெய்டிலிருந்து சாதாரண ஏஎச்சிஐ முறைக்கு மாற்று என்று நேராகவே எழுதிவைக்கும். படிப்பவர்தான் இல்லை. பயாஸில் மாற்றிவிட்டு மறுபடி எழுப்பினால் டிஸ்க் வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: அதே இயந்திரத்தில் ஏற்கெனவே விண்டோஸ் இருந்து, அதை வைத்துக்கொள்ளவும் வேண்டும் என்றால் இந்த மாற்றத்துக்குப் பிறகு விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம். முன்னேற்பாடு செய்துவிட்டு மாற்றுங்கள்.

நிஜமான ரெய்டு அட்டை உள்ள சர்வர் என்றால் கதை வேறு. நான்கு புதிய டிஸ்க்கைச் செருகிவிட்டு நிறுவியில் தேடினால் ஒன்றும் வராது. முதலில் அந்த அட்டையின் அமைப்புத் திரைக்குள் போய் அவற்றைச் சேர்த்து ஒரு விர்ச்சுவல் டிஸ்க் உருவாக்கவேண்டும். அதைத்தான் இயங்குதளம் பார்க்கும். பழைய அட்டைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ரெட் ஹேட் 8ஆம் பதிப்பு பல பழைய ரெய்டு, எஸ்ஏஎஸ் அட்டைகளுக்கான ஆதரவை எடுத்துவிட்டது. 7இல் நன்றாக ஓடிய சர்வரில் 8 போடும்போது டிஸ்க்கே தெரியாமல் போவது இதனால்தான். ஆல்மா லினக்ஸ் அவற்றில் சிலவற்றுக்கு ஆதரவைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. பழைய வன்பொருளை இன்னும் சில வருடம் ஓட்டவேண்டியவர்களுக்கு அது உதவும்.

இனி, எல்எஸ்பிஎல்கேவில் தெரிகிறது, நிறுவி மட்டும் தடுமாறுகிறது என்ற நிலை. பழைய ரெய்டின் அல்லது எல்விஎம்மின் (டிஸ்க் இடத்தைத் தேவைப்படி பிரித்துக்கொள்ளும் முறை) எச்சம் அந்த டிஸ்க்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். வேறொரு சர்வரிலிருந்து கழற்றி வந்த டிஸ்க்குகளில் இது சகஜம். ஒரு தொகுப்பின் பாதி இங்கே இருக்கிறது, மீதிப் பாதி எங்கே என்று நிறுவி தேடிக்கொண்டிருக்கும். அந்த டிஸ்க்கில் உள்ளது எதுவும் வேண்டாம் என்பது உறுதியானால் வைப்எஃப்எஸ் கட்டளையை 'ஏ' சேர்க்கையோடு அந்த டிஸ்க்கின் மேல் ஓட்டி, மறுதொடக்கம் செய்து மறுபடி வாருங்கள். ஓட்டும் முன் டிஸ்க்கின் அளவையும் சீரியல் எண்ணையும் பாருங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் பூட்டுக்குப் பூட்டு மாறக்கூடியவை. அவற்றை நம்பி அழிக்கக்கூடாது.

மிரர் தேர்வில் நிற்கிறது, அல்லது பொதிகள் இறங்கும்போது விழுகிறது

மிரர் என்பது மென்பொருள் பொதிகளை இறக்கித் தரும் இணைய சர்வர். நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு இணையம் இல்லாமலே நிறுவிப் பாருங்கள். அடிப்படைச் சர்வர் முழுதும் ஐஎஸ்ஓவுக்குள்ளேயே இருக்கிறது. அப்டேட்டுகளைப் பிறகு இறக்கலாம். அலுவலகத்தில் ப்ராக்ஸி (இணையத்துக்கு இடையில் நிற்கும் சர்வர்) இருந்தால் நிறுவி கேட்கும் இடத்தில் அதைக் கொடுக்கத் தவறியிருப்பீர்கள்.

இதற்குள் ஒளிந்திருக்கும் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஒரு சிறிய அலுவலகத்தில் பழைய சர்வருக்கு மறுநிறுவல் செய்துகொண்டிருந்தேன். நெட் இருக்கிறது, பிங் போகிறது, பொதி மட்டும் இறங்காது. இரண்டு மணி நேரம் ரவுட்டரையும் டிஎன்எஸ்ஸையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் லாக்கை, அதாவது நிறுவி எழுதிவைக்கும் பதிவை, முழுதாகப் படித்தபோது 'ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் எட்' என்று ஒரு வரி. இன்னும் செல்லுபடியாகவில்லையா? டேட் கட்டளை கொடுத்துப் பார்த்தால் இயந்திரம் 2012 ஜனவரி 1இல் இருந்தது. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி செத்துப்போய், பவர் போகும்போதெல்லாம் தேதி பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. கடிகாரம் பல வருடம் பின்னால் நிற்பதால், நேற்று கையொப்பமிட்ட பொதிப் பட்டியல் அதற்கு எதிர்காலத்திலிருந்து வந்ததுபோல் இருக்கிறது. எச்டிடிபிஎஸ் சான்றிதழ்களும் அதே காரணத்தால் மறுக்கப்படும். தெருமுனைக் கடையில் கிடைக்கும் அந்த வட்டப் பேட்டரியை மாற்றி, பயாஸில் தேதியைச் சரிசெய்ததும் பொதிகள் இறங்கின. பழைய இயந்திரம் என்றால் இப்போது பயாஸுக்குள் நுழையும்போதே தேதியைத்தான் முதலில் பார்க்கிறேன்.

முடிந்தது என்றது, மறுதொடக்கம் செய்தால் மறுபடி நிறுவியே வருகிறது

பென் டிரைவை எடுக்கவில்லை, அல்லது விர்ச்சுவல் மெஷினில் சிடி டிரைவிலிருந்து ஐஎஸ்ஓவைக் கழற்றவில்லை. 'ஃபெயில்டு அன்மவுண்டிங் சிடிராம்' என்று சிவப்பில் வந்து நிற்பதைப் பார்த்துப் பயந்து பலர் மறுபடி நிறுவுகிறார்கள். அது ஒன்றும் செய்யாது. மீடியாவை எடுத்துவிட்டு என்டர் தட்டுங்கள், அவ்வளவுதான்.

பென் டிரைவை எடுத்தபின் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்றால் முன்பு சொன்ன யுஇஎஃப்ஐ தேர்வுக்குத் திரும்புங்கள். நிறுவியை ஒரு முறையில் எழுப்பிவிட்டு, பயாஸில் மற்ற முறை மட்டும் இயங்கும்படி வைத்திருப்பீர்கள். பயாஸைப் பொருத்தி மாற்றினாலே போதும், மறுபடி நிறுவ வேண்டியதில்லை. இரண்டு டிஸ்க் உள்ள இயந்திரத்தில் பூட் வரிசையில் எது முதலில் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

சர்வர் வந்துவிட்டது, ஆனால்...

ஒவ்வொரு பூட்டிலும் நெட்வொர்க்குக்காக இரண்டு நிமிடம் காத்திருக்கிறதா? கேபிள் செருகாத ஒரு நெட்வொர்க் வாய்க்கும் முகவரி வரும் என்று அது காத்துக்கொண்டிருக்கிறது. நெட்பிளான் என்ற நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் அந்த இன்டர்ஃபேஸுக்குக் கீழே 'ஆப்ஷனல்: ட்ரூ' என்று சேர்த்து அப்ளை கொடுங்கள்.

சர்வரின் முன் உட்கார்ந்து தட்டினால் பாஸ்வேர்டு ஏற்கிறது, லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து நுழையும் வழி) மூலம் வந்தால் அதே பாஸ்வேர்டை மறுக்கிறது என்றால் விசைப்பலகை அமைப்பைப் பாருங்கள். நிறுவும்போது மொழியை இங்கிலீஷ் யுகே என்று தேர்ந்திருப்பீர்கள். இங்கே விற்கும் விசைப்பலகைகள் பெரும்பாலும் அமெரிக்க அமைப்பில் உள்ளவை. யுகே அமைப்பில் அட் குறியும் இரட்டை மேற்கோள் குறியும் இடம் மாறிவிடும். நீங்கள் அட் என்று நினைத்து அழுத்தியது மேற்கோள் குறியாகப் பதிந்திருக்கிறது. சர்வரின் லாகின் திரையில் பயனர்பெயர் கேட்கும் இடத்தில் அந்தக் குறியை மட்டும் ஒருமுறை தட்டிப் பாருங்கள், என்ன விழுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். என்டர் அழுத்தாமல் அழித்துவிடுங்கள். பிறகு உள்ளே நுழைந்து விசைப்பலகை அமைப்பை மாற்றி, பாஸ்வேர்டையும் புதிதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, 1 டிபி டிஸ்க் போட்டேன், இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை கொடுத்தால் 100 ஜிபிதான் காட்டுகிறது என்பது. டிஸ்க் எங்கும் போகவில்லை. உபுண்டு நிறுவி எல்விஎம் முறையில் இயல்பாகப் பிரிக்கும்போது, 200 ஜிபிக்கு மேற்பட்ட இடம் இருந்தால் ரூட்டுக்கு (இயங்குதளம் இருக்கும் முதன்மைப் பகுதி) 100 ஜிபி மட்டும் கொடுத்துவிட்டு மீதியைச் சும்மா வைக்கும். 20 முதல் 200 ஜிபி வரை என்றால் பாதி. நிறுவும்போது பார்ட்டிஷன் சுருக்கத் திரையில் இது தெரியும், யாரும் கவனிப்பதில்லை. விஜிஎஸ் கட்டளை கொடுத்தால் எவ்வளவு காலியாக இருக்கிறது என்று காட்டும். எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளையை 'ஆர்' சேர்க்கையோடு கொடுத்தால் கோப்புமுறையும் கூடவே வளரும். அளவைச் சதவீதத்தில் சொல்வதானால் சிறிய எழுத்து 'எல்', ஜிபியில் சொல்வதானால் பெரிய எழுத்து 'எல்'. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்குக் கட்டளை திட்டுகிறது. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம். ஆனால் முழுதையும் கொடுத்துவிடாதீர்கள். இஎக்ஸ்டி4 கோப்புமுறையை ஓடும்போது பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தால் நாளைக்கு ஸ்னாப்ஷாட்டுக்கோ தனி வால்யூமுக்கோ ஆகும்.

விண்டோஸ் சர்வர் என்றால்

இதன் ஐஎஸ்ஓவுக்குள் இன்ஸ்டால்.விம் என்ற கோப்பு அண்மைப் பதிப்புகளில் 4 ஜிபியைத் தாண்டும். பென் டிரைவின் ஃபேட்32 கோப்புமுறை அவ்வளவு பெரிய ஒற்றைக் கோப்பை ஏற்காது. கையால் நகலெடுப்பதை விட்டுவிட்டு ரூஃபஸிடம் விடுங்கள். அது என்டிஎஃப்எஸ் முறையில் எழுதி, யுஇஎஃப்ஐக்கு வேண்டிய சிறு பகுதியையும் சேர்த்துக்கொள்ளும்.

'மீடியா டிரைவர் இல்லை' என்று அது கேட்டால் டிரைவர் தேடி ஓடும் முன் பென் டிரைவை மாற்றிப் பாருங்கள், அந்தச் செய்தி பல நேரம் கெட்ட மீடியாவுக்கும் வரும். கேவிஎம் விர்ச்சுவல் மெஷின் என்றால் நிஜமாகவே டிரைவர் வேண்டும். விர்ட்டியோ எனப்படும் டிரைவர்கள் அடங்கிய ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாகச் செருகி அதிலிருந்து ஏற்றுங்கள். டிஸ்க்கில் எம்பிஆர் என்ற பழைய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை இருப்பதால் நிறுவ முடியாது என்றால் ஷிஃப்ட்டோடு எஃப்10 அழுத்திக் கட்டளைத் திரையைத் திறந்து, டிஸ்க்பார்ட்டில் அந்த டிஸ்க்கைக் கிளீன் செய்து புதிய வகையான ஜிபிடியாக மாற்றலாம். டிஸ்க்கில் உள்ளதெல்லாம் போய்விடும் என்பது நினைவிருக்கட்டும்.

எல்லாம் முடிந்து உள்ளே போனால் டெஸ்க்டாப்பே இல்லாமல் கறுப்புக் கட்டளைத் திரை மட்டும் வருகிறதா? கெட்டுப்போகவில்லை. பதிப்புப் பட்டியலில் 'டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸ்' என்று போட்டிருக்கும் வரியைத் தேர்ந்தெடுக்காமல் அதற்கு மேலுள்ள வரியைத் தேர்ந்துவிட்டீர்கள். அது கோர் பதிப்பு. 2016ஆம் பதிப்பிலிருந்து ஒன்றை மற்றொன்றாக மாற்ற வழியில்லை, மறுபடி நிறுவத்தான் வேண்டும்.

தூரத்து சர்வரில் ஐட்ராக், ஐஎல்ஓ வழியாக

ஐட்ராக் (டெல்), ஐஎல்ஓ (எச்பி) என்பவை சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் வசதிகள். அவற்றில் ஐஎஸ்ஓவை உலாவி வழியாகச் செருகி நிறுவும்போது அந்த 3 ஜிபியும் உங்கள் இணைய இணைப்பு வழியாகத்தான் போகிறது. வீட்டு இணைப்பிலிருந்து செய்தால் நடுவில் ஒரு நொடி அறுந்தாலும் அங்கே ஸ்குவாஷ்எஃப்எஸ் பிழையாகத்தான் தெரியும், பென் டிரைவ் கெட்டதுபோலவே. சர்வர் இருக்கும் அதே நெட்வொர்க்கில் உள்ள ஒரு கம்ப்யூட்டருக்குள் ரிமோட்டாக நுழைந்து அங்கிருந்து செருகுங்கள். முடியும்வரை அந்த உலாவித் தாவலை மூடாதீர்கள்.

இவ்வளவும் பார்த்தும் நிற்கிறது என்றால், யாரிடமாவது கேட்கும் முன் லாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உபுண்டு நிறுவியின் ஷெல்லில் வார் ஃபோல்டருக்குள் லாக், அதற்குள் இன்ஸ்டாலர் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். நிறுவி விழுந்திருந்தால் வாருக்குள் கிராஷ் என்ற ஃபோல்டரிலும் ஒரு கோப்பு கிடக்கும். இன்னொரு பென் டிரைவைச் செருகி இரண்டையும் நகலெடுங்கள். நிறுவி ராமில் ஓடுவதால் மறுதொடக்கம் செய்த நொடியில் அவை அழிந்துவிடும். கேட்கும்போது அந்தக் கோப்புகளோடு ஐஎஸ்ஓவின் முழுப்பெயர், சர்வரின் மாடல், எந்த முறையில் பூட் செய்தீர்கள், செல்போனில் எடுத்து வைத்த திரையின் படம், இந்த நான்கையும் சேர்த்துக் கொடுங்கள்.